தும்பறைக் கொக்கோ

பழரசம் மதுவாவதும் கொக்கோ விதை பக்குவமடைவதும் ஒரே இயற்கை விதிக்குட்பட்டன. இரண்டிலும் சுவையை ஆக்குவது நொதித்தலே. மலைநாட்டுத் தோட்ட வரலாற்றைக் கோப்பி, தேயிலை என்னும் இரு பயிர்களுள் அடக்குவோர், தெல்தெனியவைச் சூழ்ந்த தும்பறைப் பள்ளத்தாக்கில் இவ்விதி ஒரு தொழிலாக விளங்கியதை மறந்துவிடுகின்றனர்.

1869இல் இலங்கையில் இனங்காணப்பட்ட இலைத்துரு நோய் கோப்பித் தோட்டங்களை அழித்தது. வெப்பமும் நிழலும் வேண்டும் கொக்கோவுக்குத் தும்பறை ஏற்றதாயிற்று. 1870களில் பல்லேகலைத் தோட்டத்தில் றொபேட் போய்ட் டைற்லர் அதனைப் பயிரிட முன்னின்றார். கசப்புக் குறைந்த கிறியோல்லோ இனம் இலண்டன் சந்தையில் நன்மதிப்புப் பெற்றது.

ஆயினும் பச்சை விதையில் அந்நறுமணம் இல்லை. காயை உடைத்து, இனிய சதையோடு விதைகளைக் குவித்து மூடினால், மதுவம் சர்க்கரையை மதுசாரமாக்கும். அது பின்னர் அசற்றிக்கமிலமாகும். குவியலின் வெப்பம் ஏறத்தாழ 50 பாகை செல்சியசை எட்ட, விதையின் முளை இறக்கும், கசப்புத் தணியும், மணத்தின் மூலங்கள் தோன்றும். கிறியோல்லோவுக்கு இரண்டு, மூன்று நாட்களே போதும். குறைந்தால் கைக்கும், மிகுந்தால் அழுகும். அவ்வேளையைத் தெரிந்தவை குவியலைக் கிளறிய தொழிலாளரின் கையும் மூக்குமே. எனினும் ஏடுகளில் நிலைத்தது துரைமாரின் பெயரே.

1985இல் விக்டோரியா அணைக்கட்டு நிறைவெய்த, பழைய தெல்தெனிய நகர் நீருள் மறைந்தது. கடும் வறட்சியில் அதன் இடிபாடுகள் மீண்டும் வெளித்தோன்றுவதுண்டு. தொழிலாளரின் அறிவு அவ்வாறு தானே வெளிவராது. முதியோர் வாய்மொழியாகத் திரட்டினாலன்றி அது வரலாற்றில் இடம்பெறாது.