உப்புக் காற்றும் பிளக் ஒயரும்

வண்டிக்குத் தண்ணீர் அடித்தால் மிஸ்ஸிங் வரும் என்ற பேச்சுக்குப் பழைய நியாயம் ஒன்று உண்டு. 1955இல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் புல்லட்டிலும், பின்னால் வந்த மைசூர் ஜாவாவிலும், பொறியைக் கிளப்பியது மெக்கானிக்குகள் பிளாட்டினம் என்று சொல்லும் பாயிண்டுதான். அதன் இடைவெளி அரை மில்லிமீட்டர்கூட இராது. உள்ளே ஈரம் புகுந்தால் பொறி சாகும். ஆயுத பூஜைக்குக் குளிப்பாட்டிய வண்டி மறுநாள் எத்தனை உதைத்தும் கிளம்பாமல் நின்றது வெறும் மூடநம்பிக்கை இல்லை. ஆனால் 1985இல் வந்த ஹீரோ ஹோண்டா சிடி100, யமஹா ஆர்எக்ஸ்100 இரண்டிலும் பாயிண்டே கிடையாது. அதோடு முடிந்திருக்க வேண்டிய புகார் தூத்துக்குடி போன்ற கரையோர ஊர்களில் முடியாததற்கு, தண்ணீரைவிட உப்பே காரணம் என்பது என் வாதம்.

தூத்துக்குடியைச் சுற்றி உப்பளங்கள் இன்றும் விரிந்து கிடக்கின்றன. கடற்காற்று கொண்டுவரும் உப்பு பிளக் கேப்பிலும் ஒயரிலும் மெல்லிய படலமாக ஒட்டுகிறது. காய்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது. நனைந்தால் நன்றாகவே கடத்தும். காயிலிலிருந்து வரும் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்சாரம், பிளக்குக்குப் போகாமல் அந்த ஈர வழியாக இன்ஜின் உடம்பில் இறங்கிவிடும். இருட்டில் வண்டியை ஓடவிட்டால் ஒயரோரம் நீலப் பொறி தெறிப்பதைச் சில சமயம் கண்ணாலேயே பார்க்கலாம்.

மதுரையில் கழுவிய வண்டியும்தானே திணறுகிறது என்று கேட்கலாம். திணறும்; ஆனால் அங்கே பெரும்பாலும் ஏர் ஃபில்டர் நனைந்திருக்கும், அல்லது கார்பரேட்டரில் தண்ணீர் இறங்கியிருக்கும். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம் என்பதால் கிண்ணத்தின் அடியில் தங்கி ஜெட்டை மறிக்கும். அடித்திருகைக் கழற்றி வடித்தால் தீர்ந்தது. உப்பால் வரும் கோளாறு அப்படித் தீராது. வெயிலில் காய்ந்ததும் சரியாகி, பனி இறங்கியதும் திரும்பும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்வதால், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கழுவாத வண்டியும் இடறும்.

அப்படியானால் கழுவாமலே விடலாமா? அது இன்னும் மோசம், படலம் தடித்துக்கொண்டே போகும். கேடு, உப்புச்சுவை உள்ள போர் தண்ணீரை அழுத்தமாக அடித்து, துடைக்காமல் விடுவதில் இருக்கிறது. நல்ல தண்ணீரில் அலசித் துணியால் ஒற்றி எடுத்து, கேப்பைத் திருகிக் கழற்றி, பச்சை பூத்த ஒயர் நுனியைக் கொஞ்சம் வெட்டி மறுபடி திருகினால் பல வண்டிகள் சீராகிவிடும். 2020இல் பிஎஸ்6 விதி வந்தபின் டிவிஎஸ் எக்ஸ்எல்100கூட கார்பரேட்டரைக் கைவிட்டது. காயிலும் பிளக் ஒயரும் அதில் அப்படியே இருக்கின்றன, கூடவே உப்பு அரிக்க வாகான சென்சார் கனெக்டர்களும் சேர்ந்துவிட்டன.