இல்லாமற்போன ஒன்றாம் பதிப்பு

டெபியன் என்னும் இயங்குதளத்தின் பதிப்பு வரிசையை நோக்குவோர்க்கு ஒரு புதிர் தென்படும். 0.93க்குப் பின் 1.1 வருகிறது, இடையில் 1.0 இல்லை. அது மறைந்த காரணத்தைத் தேடப் புகுந்தால், இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் இயங்குதளத்தை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும் முறைக்கு அடிப்படையான ஒரு கேள்வியை எதிர்கொள்கிறோம்: கைக்கு வந்த நகல் உண்மையானதுதானா?

கணினியை எழுப்பி நடத்தும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம். 1991இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸின் கருவை எழுதி, எவரும் எடுத்துக்கொள்ளுமாறு பின்லாந்துக் கணினி ஒன்றில் வைத்தார். அதைச் சூழ்ந்து பல தொகுப்புகள் எழுந்தன. 1993இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் அவற்றுள் ஒன்று.

ஒரு குறுந்தகடு 650 மெகாபைட் கொள்ளும், 1.44 மெகாபைட் பிளாப்பிகளாயின் ஏறத்தாழ 450 வேண்டும். அப்பத்தாண்டின் இறுதியில் பரவிய 56 கிலோபிட் மோடம் முழு வேகத்தில் இடையறாது உழைத்தாலும், ஒரு தகட்டளவை இறக்க ஒரு நாளுக்கு மேலாகும். ஆகவே பலரும் தகடு விற்போரையே நாடினர். இலவசப் பொருளைக் காசு கொடுத்து வாங்குவதா என்று நகைத்தவர்கள் தொலைபேசிக் கட்டணம் செலுத்தியதில்லை போலும்!

1995 நவம்பரில் தகடு விற்கும் நிறுவனமொன்று, முற்றுப்பெறாத டெபியன் தொகுப்பை எடுத்து, '1.0' என்று பெயரிட்டு வெளியிட்டுவிட்டது. அது சரிவர இயங்கக்கூடியதன்று. டிசம்பரில் தவறு அறிவிக்கப்பட்டது. குழப்பம் நேராதிருக்க டெபியன் அந்த எண்ணையே கைவிட்டு, 1996 ஜூனில் 1.1ஐ வெளியிட்டது. தகட்டை வாங்கியவருக்கோ, உள்ளிருப்பது எதுவென்று அறிய வழியில்லை.

இதற்கு மாற்றாய் அமைந்ததே வட்டுப் படிமம். தகட்டிலுள்ள கோப்புகளை மட்டும் தனித்தனியே நகலெடுத்தால், கணினியை எழுப்பும் தொடக்கப்பகுதி விடுபட்டுப் போகும். படிமமோ தகட்டை முதலிலிருந்து இறுதிவரை, வரிசை பிறழாமல், ஒரே கோப்பாக்கித் தருகிறது. 1988இல் வகுக்கப்பட்ட ஐ.எஸ்.ஓ. 9660 என்னும் தர அமைப்பின் பெயரால் அதனை 'ஐ.எஸ்.ஓ.' என்றே வழங்குகிறோம். தொகுப்பை ஆக்கியவர்களே படிமத்தையும் ஆக்கி வெளியிடும் வழக்கம் வேரூன்றியபின், விற்பனையாளர் எவராயினும் அதனை அப்படியே தகட்டில் பதித்தால் போதுமென்றாயிற்று.

ஒரே கோப்பானதால் சரிபார்ப்பதும் எளிதாயிற்று. படிமம் முழுவதையும் கணக்கிட்டு 64 எழுத்தும் எண்ணும் கொண்ட ஒரு குறியைப் பெறலாம். உள்ளே ஓர் இம்மி மாறினாலும் குறி முற்றிலும் வேறாகிவிடும். ஆயினும் படிமத்தை மாற்றிய கை, அருகிலுள்ள குறியையும் மாற்றக்கூடுமன்றோ? அதனாலேயே டெபியன் குறிகளின் பட்டியலுக்கு மின்னணுக் கையொப்பமும் இடுகிறது.

இது வீண் அச்சமன்று. 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட் தளத்துள் புகுந்த ஒருவர், 17.3 பதிப்பின் இணைப்பைக் கள்ளக்கதவு வைத்த படிமத்துக்குத் திருப்பிவிட்டார். அன்று அதை இறக்கி நிறுவியவர்களிடம், கணினியை இணையத்திலிருந்து துண்டித்து, இயங்குதளத்தை மீண்டும் நிறுவி, கடவுச்சொற்களையும் மாற்றிக்கொள்ளுமாறு மின்ட் குழுவினர் கேட்டுக்கொண்டனர்.