பதிவேட்டுக்கு வெளியே ஒரு சாட்சி

கணினியில் உள்ள ஆவணத்தைத் தடயமின்றித் திருத்தலாம். அதன் தேதியையும் மாற்றலாம். இதை எவ்வாறு கண்டறிவது? அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்டூவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டோர்னெட்டா ஆகிய இருவரும் 1991-இல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு விடை கண்டனர். ஒவ்வொரு பதிவிலிருந்தும் 'ஹாஷ்' எனும் சுருக்கக் குறியீட்டைக் கணக்கிட்டு, அதை அடுத்த பதிவுடன் பிணைப்பதே அவ்வழி. நடுவில் ஓர் எழுத்து மாறினாலும் பின்வரும் குறியீடுகள் பொருந்தா.

ஆனால், பதிவைப் பேணுபவரே சங்கிலி முழுவதையும் புதிதாக எழுதிவிட்டால்? அவ்விருவரும் தொடங்கிய ஷ்யூரிட்டி நிறுவனம், 1995 முதல் வாரந்தோறும் ஒரு தொகுப்புக் குறியீட்டை நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் சிறு விளம்பரமாக அச்சிட்டது. வீடுகளுக்கும் நூலகங்களுக்கும் சென்றுவிட்ட பிரதிகளைத் திரும்பப் பெற்றுத் திருத்த எவராலும் இயலாது.

இன்று செயற்கை நுண்ணறிவு முகவர்கள் மனிதர் சார்பில் கோப்புகளைத் திறக்கின்றன, கட்டளைகளை நிறைவேற்றுகின்றன. அவற்றின் பயன்பாட்டுப் பதிவுகளைச் சரிபார்க்கும் மென்பொருள் கருவிகள் பலவும் இதே சங்கிலியைத்தான் மீண்டும் கணக்கிட்டுப் பார்க்கின்றன. பொய்யாகவே எழுதப்பட்ட பதிவை அவை காட்டிக்கொடுப்பதில்லை. எழுதியபின் நேர்ந்த திருத்தத்தையே காட்டுகின்றன. அதற்கும் இறுதிக் குறியீடு வெளியார் ஒருவரிடம் இருந்தாக வேண்டும். முகவரை இயக்குபவரிடமே அது இருந்தால், கணக்கெழுதியவரே தணிக்கையாளராகவும் அமர்ந்த கதைதான்.