வகுப்பறையில் ஞாயிறும் புவியும்

"ஞாயிறு எழுந்தது" என்கின்றோம். "பொழுது பட்டது" என்கின்றோம். போலந்து நாட்டு வானநூலறிஞர் கொப்பேர்னிக்கஸ், பூமியே ஞாயிற்றைச் சுற்றி வருகின்றது என நிறுவ முயன்ற தமது நூலை 1543ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதன்பின் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் கழிந்தும் நம் பேச்சு மாறவில்லை. பேச்சு மாறாமை குற்றமன்று. கண்டதையே நா பேசும். ஆனால், காண்பது ஒன்றும் கற்பது மற்றொன்றுமாக இருக்கும்போது, அவ்விரண்டுக்குமிடையே பாலம் அமைப்பது யாருடைய பொறுப்பு? பள்ளிக்கூடத்தின் பொறுப்பே அது.

நேயர்களே, ஏழாம் வகுப்பிலே பயிலும் எந்தப் பிள்ளையையேனும் அழைத்து, "பூமி சுற்றுகின்றதா, சூரியன் சுற்றுகின்றதா?" என்று கேட்டுப் பாருங்கள். "பூமிதான் சுற்றுகின்றது" என உடனே விடை வரும். "அஃது உனக்கு எப்படித் தெரியும்?" என அடுத்த கேள்வியைக் கேளுங்கள். "புத்தகத்திலே கிடக்கு" என்றோ, "ரீச்சர் சொன்னவா" என்றோதான் பதில் வரும். முதல் விடைக்கு முழுப் புள்ளி வழங்குகின்றோம். இரண்டாம் விடையைப் பற்றி நாம் கவலைப்படுவதில்லை. கவலைப்படவேண்டியது அந்த இரண்டாம் விடையைப் பற்றியே என்பதை இப்பாடம் கற்பிக்கப்பட்ட வரலாறு நமக்குக் காட்டுகின்றது.

புவி சுழல்கின்றது என்னும் கருத்து மேனாட்டிலிருந்து மட்டும் நமக்கு வந்த ஒன்றன்று. ஆரியபடர் தமது இருபத்து மூன்றாம் வயதிலே, கி.பி. 499இல், இயற்றிய நூலில் இதனை ஓர் எளிய உவமையால் விளக்கினார். ஓடத்திலே முன்னோக்கிச் செல்பவனுக்குக் கரையிலுள்ள அசையாப் பொருள்கள் பின்னோக்கிச் செல்வனபோலத் தோன்றும். அவ்வாறே இலங்கையிலிருந்து பார்ப்பவனுக்கு நிலைத்த விண்மீன்கள் மேற்கு நோக்கிச் செல்வனபோலத் தோன்றுகின்றன என்பது அவர் கூற்றின் கருத்து. அவர் குறித்த இலங்கை நம் தீவன்று. பூமத்திய ரேகையிலே வானநூலார் தம் கணிப்புக்கெனக் கொண்ட ஓரிடமே அது. எனினும், ஓடமேறிப் பழகிய நம் கரையோரச் சிறுவர்க்கு இதனிற் சிறந்த உவமை எந்தப் பாடநூலில் உண்டு?

கி.பி. 628இல் பிரமகுப்தர் இக்கருத்தை மறுத்தார். பூமி சுழலுமாயின் உயர்ந்த பொருள்கள் ஏன் விழுவதில்லை என்று வினவினார். அது மூடத்தனமான வினாவன்று. சிந்திக்கும் பிள்ளை கேட்கவேண்டிய வினா அது. அதற்குத் தக்க விடை கூறும் இயக்கவியல் அக்காலத்தில் எவரிடத்தும் இருக்கவில்லை. ஆதலின், உண்மை ஓர் உவமையாக நூலிலே தங்கிற்று, பொதுவறிவாகப் பரவவில்லை.

மேனாட்டிலும் நிலைமை பெரிதும் வேறாக இருக்கவில்லை. சிறுவர்க்கெனப் படங்களோடு அமைந்த பாடநூல்களுள் புகழ்பெற்றது கொமேனியஸ் என்னும் கல்வியறிஞர் 1658இல் நியூரம்பேர்க் நகரில் வெளியிட்ட நூலாகும். பொருளைக் கண்ணாற் காட்டியே சொல்லைக் கற்பிக்கவேண்டும் என்று முழங்கியவர் அவர். கலிலியோ விசாரணைக்குள்ளாகி இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்த பின்னர் வந்த அந்நூலிலும், வானம் சுழல்வதாகவும் பூமி நடுவே நிற்பதாகவுமே பிள்ளைகள் படித்தார்கள். படம் காட்டுவது மட்டும் போதாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை. படமும் ஒரு வகையிற் புத்தகத்தின் சொல்லே.

இனி, நம் தமிழ் மண்ணுக்கு வருவோம். ஜோன் வாறன் என்பவர் பஞ்சாங்கக் கணிப்பு முறைகளை ஆராய்ந்து 1825இல் சென்னையில் ஒரு நூல் வெளியிட்டார். புதுச்சேரியிலே தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், எழுதுகோலின்றி, சோகிகளைத் தரையிலே பரப்பி, மனனஞ்செய்த வாக்கியங்களின் துணைகொண்டே அவ்வாண்டுச் சந்திர கிரகணம் ஒன்றை அவருக்குக் கணித்துக் காட்டினார். கிரகணத் தொடக்கத்தில் நான்கு நிமிட வித்தியாசமே இருந்தது. முடிவிலோ ஐம்பத்திரண்டு நிமிடம் தவறியது. வாறனை வியப்பிலாழ்த்தியது வேறொன்று. அக்கணிதருக்கு நினைவாற்றல் இருந்ததேயன்றி, அக்கணிப்பின் பின்னுள்ள கொள்கை எதுவும் தெரிந்திருக்கவில்லை. காரணம் அறியாமலே விடையைச் சொல்ல முடியும் என்பதை இங்கே காண்கின்றோம். நம் ஏழாம் வகுப்புப் பிள்ளையின் நிலையும் இதுதானே!

நான்கு ஆண்டுகளின் பின், யாழ்ப்பாணத்திலே ஒரு விவாதம் எழுந்தது. அமெரிக்க மிசனரிமார் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினறியின் தலைவர் டானியல் பூவர், விசுவநாத சாஸ்திரியார் கணித்த பஞ்சாங்கத்தை ஆராய்ந்து, 1829 மார்ச் 20ஆம் நாட் சந்திர கிரகணத்தின் தொடக்கத்திலும் கால நீட்சியிலும் மறைப்பின் அளவிலும் பிழையுண்டு எனக் கூறினார். குறித்த இரவிலே மக்கள் வானத்தைப் பார்த்திருந்தனர். பூவரின் கணிப்பே பொருந்திற்று. புதிய கல்வியின் வெற்றியாக அந்நிகழ்ச்சி நெடுங்காலம் பேசப்பட்டது.

வரலாற்றை ஆராய்வோர் இங்கே சற்று நின்று சிந்திக்கவேண்டும். அன்றிரவு வென்றது எது? திருத்தமான அட்டவணை வென்றது. கிரகணத்தின் நேரத்தைப் பூமி சுழல்வதாகக் கொண்டும் கணிக்கலாம். சூரியன் சுற்றுவதாகக் கொண்டும் கணிக்கலாம். ஆகவே, பூமி சுழல்கின்றது என்பதற்கு அக்கிரகணம் சான்றாகாது. உண்மையில், பூமியின் சுழற்சியை ஒரு மண்டபத்தினுள்ளேயே காட்டக்கூடிய சோதனை அன்று எங்கும் நிகழ்ந்திருக்கவில்லை. செமினறி மாணாக்கர் சாஸ்திரியாரின் சொல்லை விட்டுப் பூவரின் சொல்லைப் பற்றிக்கொண்டார்கள் என்றே கூறலாம். அதே செமினறியிற் பின்னர்த் தலைமை வகித்த ஹொய்சிங்டன், இந்திய வானநூலை இகழ்ந்து ஒதுக்காமல், அதனை விளக்கும் நூலொன்றை 1848இல் யாழ்ப்பாணத்தில் அச்சிட்டு வெளியிட்டமை ஈண்டு நினைக்கத்தக்கது. பழைய கணிதத்தை அறிந்தபின்னரே புதியதைக் கற்பித்தல் நன்று என்பதை அவர் உணர்ந்திருந்தார் போலும்.

மேலே குறித்த சோதனை 1851இல் பாரிஸ் நகரில் நிகழ்ந்தது. பூக்கோ என்னும் அறிஞர், பந்தியோன் மண்டபத்துக் கூரையிலிருந்து 67 மீற்றர் நீளமான கம்பியில் 28 கிலோகிராம் நிறையுள்ள குண்டைத் தொங்கவிட்டு ஊசலாட்டினார். ஊசலின் ஆட்டத்தளம் மணிக்குப் பதினொரு பாகை வீதம் மெல்லத் திரும்புவதை மக்கள் திரண்டு வந்து கண்டனர். திரும்பியது ஊசலன்று, அவர்கள் நின்ற நிலமே. கண்டோர் இதனை எவர் சொல்லியும் நம்பவேண்டியதில்லை.

அச்சோதனையை இங்கே செய்துகாட்டலாமே எனச் சிலர் நினைக்கலாம். நம் நாடு பூமத்திய ரேகைக்கு அண்மையிலிருத்தலால் இங்கு ஊசல் மிக மெல்லவே திரும்பும். யாழ்ப்பாணத்தில் மணிக்கு இரண்டரைப் பாகையளவே. ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ ஆறு நாட்கள் செல்லும். ஒரு பாடவேளையில் வகுப்பறையிலே காட்டத்தக்கதன்று அது. ஆயினும், திருப்பக்கூடிய ஒரு பலகையின்மீது சிறு சட்டமொன்றை நிறுத்தி, நூலிற் கல்லொன்றைத் தொங்கவிட்டு ஆட்டி, பலகையை மெல்லத் திருப்பினால், கல் தன் பழைய திசையிலேயே ஆடுவதைப் பிள்ளைகள் காண்பார்கள். பாரிஸ் மக்கள் கண்டதன் பொருள் அவர்களுக்கு அப்போது விளங்கும்.

பாரிஸுக்குக் கிட்டாத வேறொரு செல்வம் நமக்கு உண்டு. ஞாயிறு நம் உச்சிக்கு நேரே ஆண்டில் இருமுறை வருகின்றது. ஏப்பிரல் 5ஆம் நாளளவில் தெற்கே தேவேந்திரமுனையிலும், 15ஆம் நாளளவில் யாழ்ப்பாணத்திலும் நண்பகலில் நட்ட தடிக்கு நிழலிராது. ஆகஸ்ட் இறுதியிலும் செப்தெம்பர் முற்பகுதியிலும் மீண்டும் அவ்வாறே நிகழும். இடைப்பட்ட மாதங்களில் யாழ்ப்பாணத்து நண்பகல் நிழல் தெற்கே விழும். ஏனைய மாதங்களில் வடக்கே விழும். நண்பகல் நிழல் எப்பொழுதும் வடக்கேயே விழும் என எழுதப்பட்ட ஐரோப்பியப் பாடநூல்களை அப்படியே ஒப்புவித்த தலைமுறைகள் இங்கும் இருந்தன. முற்றத்திலே ஒரு தடியை நட்டிருந்தால் அப்பிழை ஒரே ஆனி மாதத்திலே வெளிப்பட்டிருக்கும்.

ஆகவே, முதற் செயற்றிட்டம் அந்தத் தடியே. அதற்கு நம் முன்னோர் இட்ட பெயர் சங்கு. பன்னிரண்டு அங்குலச் சங்கை நிறுத்தி, அதனைச் சூழ வட்டமிட்டு, காலையிலும் மாலையிலும் நிழல் நுனி வட்டத்தைத் தொடும் இரு புள்ளிகளை இணைத்துக் கிழக்கு மேற்கை அறியும் முறையைச் சூரிய சித்தாந்தம் கூறுகின்றது. பள்ளி முற்றத்துச் சீமெந்துத் தளத்தில், தூக்குநூலால் நேர்பார்த்து ஒரு மீற்றர் தடியை நிறுத்தி, கிழமைக்கொரு நாள் நண்பகல் நிழல் நுனியைப் பிள்ளைகள் குறித்து வரட்டும். மார்கழியில் அந்நிழல் வடக்கே 65 சென்ரிமீற்றர் வரை நீளும். யூன் 21ஆம் நாளளவிலே தெற்கே ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர் நீளும். மணிக்கூட்டின் பன்னிரண்டும் ஞாயிற்றின் உச்சியும் ஒன்றல்ல என்பதையும் அவர்களே கண்டுபிடிப்பார்கள். யாழ்ப்பாணத்தில் உச்சிப்பொழுது பெப்ரவரியில் 12.24 வரை பிந்தும், நவம்பரில் 11.54இற்கே வந்துவிடும்.

இன்னுமொன்றை அவர்கள் காண்பார்கள். வடதிசைச் செலவாகிய உத்தராயணம் தை முதல் நாளில் தொடங்குவதாக நாம் கொண்டாடுகின்றோம். நிழலோ மார்கழி 7ஆம் நாளளவிலேயே குறுகத் தொடங்கிவிடும். ஏறத்தாழ 1,700 ஆண்டுகளின் முன் அவ்விரண்டும் ஒன்றாயிருந்தன. புவியின் அச்சு பம்பரம்போல மிக மெல்லத் தலைசுற்றுவதனால் இடைவெளி வளர்ந்தது. இதனைச் சொல்லிப் பிள்ளைகள் முன் பஞ்சாங்கத்தை நகையாடும் ஆசிரியர், 1829ஆம் ஆண்டு விவாதத்தையே மீண்டும் நடத்துகின்றவராவர். வீட்டிலே ஒரு வானமும் பள்ளியிலே வேறொரு வானமுமாகப் பிள்ளை பிளவுபட்டு நிற்கும். அளந்த பிள்ளையோ, தாத்தாவோடு அமர்ந்து அவ்விடைவெளியைப் பற்றிப் பேசும்.

அடுத்து, நாடகமும் பாவையும். இருண்ட அறையின் நடுவே விளக்கு ஞாயிறாகட்டும். ஒரு பிள்ளை புவியாக நின்று, இடப்புறமாகத் திரும்பட்டும். விளக்கு இடக்கண்ணோரத்தில் எழுந்து வலக்கண்ணோரத்தில் மறையும். இடக்கையே கிழக்கு என்பதை அப்பிள்ளையின் உடலே கற்றுக்கொள்ளும். பின்னர், விளாங்காயொன்றில் ஈர்க்கை ஊடுருவச் செருகிச் சற்றுச் சாய்த்துப் பிடித்து, ஈர்க்கின் நுனி எப்போதும் ஒரே சுவரை நோக்கும்படி விளக்கைச் சுற்றி வரட்டும். பருவகாலங்கள் ஏன் மாறுகின்றன என்பதை விளாங்காயின் ஒளிபட்ட பக்கமே சொல்லும்.

ஆயினும், இப்பாவைகள் அளவைப் பற்றிப் பொய் சொல்லும். ஆகவே, ஐந்து மில்லிமீற்றர் அளவான மிளகொன்றைப் புவியாகக் கொள்வோம். ஞாயிறு 55 சென்ரிமீற்றர் குறுக்களவுள்ள வட்டமாகும். பெரியதொரு சுளகின் அகலம். இரண்டுக்கும் இடைத்தூரம் 59 மீற்றர். விளையாட்டு மைதானத்தின் இரு முனைகளிலும் அவற்றைப் பிடித்து நிற்கும் பிள்ளைகளை நோக்கி, "மிளகைச் சுளகு சுற்றுமா, சுளகை மிளகு சுற்றுமா?" எனக் கேட்கலாம். இது முடிந்த சான்றன்று என்பதையும் ஆசிரியர் சொல்லிவிடவேண்டும். தடியின் நிழலும் தனியே சான்றாகாது. ஞாயிறு சுற்றினாலும் அதே நிழலே விழும். எது சான்று, எது சான்றன்று எனப் பிரித்தறிதலே இப்பாடத்தின் உயிர்.

இறுதியாக, ஒரு செயற்றிட்டம் தனிப் பள்ளியொன்றினாற் செய்யமுடியாதது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எரத்தோஸ்தனிஸ் என்னும் கிரேக்கர், எகிப்தின் தென்பகுதியிலுள்ள சயினியில் நிழலற்ற நண்பகலில், வடக்கே அலெக்சாந்திரியாவில் விழுந்த நிழலின் கோணத்தைக் கொண்டு புவியின் சுற்றளவை மதிப்பிட்டார். ஏப்பிரல் 5ஆம் நாளளவில் தேவேந்திரமுனை நம் சயினியாகும். பருத்தித்துறை நம் அலெக்சாந்திரியாவாகும். அன்று நண்பகலில் பருத்தித்துறையில் ஒரு மீற்றர் தடியின் நிழல் ஏறத்தாழ 7 சென்ரிமீற்றர். அதாவது, நான்கு பாகைக்குச் சற்றுக் குறைவு. இரு முனைகளுக்கும் இடையே வடக்குத் தெற்காக 432 கிலோமீற்றர் தூரம். கணக்கிட்டாற் புவியின் சுற்றளவு நாற்பதினாயிரம் கிலோமீற்றரை அண்மிக்கும். அளவையில் அரைச் சென்ரிமீற்றர் பிழைத்தால் விடையில் மூவாயிரம் கிலோமீற்றர் வரை பிழைக்கும். ஆதலால் இரு பள்ளியினரும் ஒருவர் அளவையை மற்றவர் மீளச் சரிபார்க்க நேரும்.

போர்க்காலத்தில் வடக்கையும் தெற்கையும் இணைக்கும் தரைவழி ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தது. இன்று அது திறந்திருக்கின்றது. தமிழிற் கற்கும் பருத்தித்துறைப் பிள்ளை அளந்த எண்ணும், சிங்களத்திற் கற்கும் தேவேந்திரமுனைப் பிள்ளை அளந்த எண்ணும் சேர்ந்தாலன்றி இக்கணக்கு முடியாது. எண்ணுக்கு மொழிபெயர்ப்பு வேண்டுவதில்லை.

இவற்றுக்கு வேண்டிய பொருள்கள் தடி, நூல், வெண்கட்டி, விளாங்காய், மிளகு என்பனவே. எந்தச் சிற்றூர்ப் பள்ளிக்கும் இவை எட்டும். "உனக்கு எப்படித் தெரியும்?" என்ற கேள்விக்கு, "நாங்கள் அளந்தோம்" என்று ஒரு வகுப்பு விடையளிக்குமாயின், ஆரியபடரின் ஓடம் கரை சேர்ந்தது எனலாம்.