மின்னல் மட்டுமா காரணம்? 2019 பிரிட்டன் மின்தடை



வரலாற்றுத் தேர்வில் “காரணம் என்ன?” என்று கேட்டால், கண்ணுக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம், இல்லையா? அது ஏன் போதாது என்பதை ஒரு மின்தடையின் கதையை வைத்துப் பார்ப்போம்.

2019 ஆகஸ்ட் 9, வெள்ளிக்கிழமை. மாலை 4.52 மணிக்கு, லண்டனுக்கு வடக்கே ஓர் உயர் அழுத்த மின்பாதையில் மின்னல் தாக்கியது. கொஞ்ச நேரத்தில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பத்து லட்சத்துக்கும் அதிகமான வாடிக்கையாளர்களுக்குக் கரண்ட் போய்விட்டது. ரயில்கள் பாதி வழியில் நின்றன. ஒரு மின்னலுக்கு இவ்வளவா?

இதைப் புரிந்துகொள்ள, ‘தீவு நிலை’ என்றால் என்ன என்று தெரிய வேண்டும். பழுது பார்ப்பதற்காக ஒரு பகுதியின் மின்சாரத்தை நிறுத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அங்குள்ள சூரியத் தகடுகளோ சிறு ஜெனரேட்டர்களோ தொடர்ந்து மின்சாரம் கொடுத்தால், அந்தப் பகுதி மட்டும் தனித் தீவாக உயிரோடு இருக்கும். கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பியைத் தொடும் தொழிலாளியின் கதி? அதனால்தான் ஒவ்வொரு சிறு நிலையத்துக்கும் ஒரு காவல் கருவி கட்டாயமானது. பிரிட்டனில் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். அது நொடிக்கு 0.125 ஹெர்ட்ஸ் வேகத்துக்கு மேல் மாறினால், “நாம் தீவாகிவிட்டோம்” என்று முடிவு செய்து நிலையத்தைத் துண்டிக்கும்படி பல கருவிகளை அமைத்திருந்தார்கள். மின் அலை திடீரென்று தாவினாலே துண்டிக்கும் கருவிகளும் இருந்தன.

நல்ல விதிதான். நிலக்கரி ஆலைகளின் கனத்த சுழலிகள் அதிர்வெண்ணை இறுகப் பிடித்திருந்த காலத்தில் அது சரியாகவே வேலை செய்தது. பிறகு அந்த ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. காற்றாலைகளும் சூரியத் தகடுகளும் பெருகின. நாடு முழுவதுமே அதிர்வெண் வேகமாக மாறக்கூடிய நிலை வந்தது. ஆனா பழைய கருவிக்கு அது தெரியாதே!

அன்று மின்னலோடு ஹார்ன்சீ கடல் காற்றாலையில் 737 மெகாவாட்டும், லிட்டில் பார்ஃபோர்டு எரிவாயு நிலையத்தில் 244 மெகாவாட்டும் போயின. தீவு எதுவும் உருவாகவில்லை. இருந்தும் காவல் கருவிகள் ஏமாந்து, சுமார் 500 மெகாவாட் சிறு நிலையங்களைத் துண்டித்தன. கையிருப்போ 1,000 மெகாவாட்தான். லிட்டில் பார்ஃபோர்டில் மேலும் 210 மெகாவாட் போனதும் அதிர்வெண் 48.8 ஹெர்ட்ஸுக்குச் சரிந்தது. முழு வலையமைப்பையும் காப்பாற்ற, தானியங்கி அமைப்பு சுமார் 5 விழுக்காட்டுப் பயனீட்டை வெட்டிவிட்டது. சுமார் 45 நிமிடத்தில் மின்சாரம் திரும்பியது. ரயில் பயணிகளோ பல மணி நேரம் தவித்தார்கள்.

இந்த ஆபத்து பொறியாளர்களுக்கு முன்பே தெரியும். மாற்றும் வேலைதான் முடியவில்லை. வரம்பை நொடிக்கு 1 ஹெர்ட்ஸாக உயர்த்தி, அரை நொடி பொறுத்துப் பார்த்த பிறகே துண்டிக்கும்படி பழைய நிலையங்களையும் 2022-க்குள் மாற்றும் திட்டம் நடந்தது.

ஆக, மாணவர்களே, மின்னல் உடனடிக் காரணம். பெரிய நிலையங்களின் கோளாறு அடுத்த காரணம். காலம் மாறியும் மாறாத விதி அடிப்படைக் காரணம். மூன்றையும் வரிசையாக எழுதிப் பாருங்கள். அதுதான் முழுமையான விடை.