வானைப் பிடித்த கண்ணாடி – 7: கறையா, முகிலா?

லண்டனை அடுத்த ஈலிங்கில் ஆண்ட்ரூ காமன் 1883-இல் எடுத்த ஓரியன் நெபுலாப் படத்தோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். கண்ணுக்குத் தட்டுப்படாத விண்மீன்களும் அதில் பதிந்திருந்தன. ஆனால் அந்த நெபுலா, அதாவது விண்முகில், உலகம் முன்பே அறிந்தது. மனிதக் கண் ஒருமுறைகூடப் பார்த்திராத நெபுலாவைப் படம்பிடிக்கும் கண்ணாடித் தட்டு காட்டிக்கொடுக்குமா?

1885 நவம்பர் 16. பாரிஸ் வானாய்வகத்தில் பால் ஆன்ரி, பிராஸ்பர் ஆன்ரி என்ற சகோதரர்கள் தங்கள் கையால் கடைந்த 33 செ.மீ. லென்ஸைக் கார்த்திகைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினார்கள். வானம் சுழலச் சுழலத் தொலைநோக்கியும் பிசகாமல் கூடவே நகர வேண்டும். இம்மி தவறினாலும் புள்ளியெல்லாம் கோடாகிவிடும். அதற்காகவே பக்கத்தில் இணைத்திருந்த இன்னொரு தொலைநோக்கியில் கண் வைத்து, ஒரு விண்மீனை நடுவிலேயே நிறுத்திக் காத்தார்கள்.

தட்டைக் கழுவி எடுத்தபோது விண்மீன்கள் கரும்புள்ளிகளாகத் தெரிந்தன. கூட்டத்தின் பிரகாசமான விண்மீன்களில் ஒன்றான மாயாவை ஒட்டி மட்டும், சுருண்ட வால் போல ஒரு மங்கல்.

கறையா? லென்ஸுக்குள் தெறித்த ஒளியா?

சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. அதே கூட்டத்தில் மெரோப்பி விண்மீன் அருகே, கண்ணாடியில் மூச்சுக்காற்று பட்டதுபோல ஒரு மங்கலை 1859-இல் வெனிஸில் கண்டதாக வானியலாளர் வில்ஹெல்ம் டெம்பல் அறிவித்திருந்தார். சிலர் பார்த்தோம் என்றார்கள், சிலர் இல்லவே இல்லை என்றார்கள். கால் நூற்றாண்டு கடந்தும் வழக்கு தீரவில்லை. மாயா அருகிலோ அப்படிச் சொல்லவும் ஒரு சாட்சி இல்லை.

சகோதரர்கள் வாதத்தில் இறங்கவில்லை. டிசம்பரில் மறுபடியும் படமெடுத்தார்கள். கறையாக இருந்தால் அது முதல் தட்டோடு போயிருக்கும். புதிய தட்டிலும் அதே இடத்தில், அதே சுருளோடு வந்து நின்றது மங்கல்!

இனிக் கண்ணின் முறை. ரஷ்யாவின் புல்கோவோ வானாய்வகத்தில் அப்போதுதான் 30 அங்குல லென்ஸ் தொலைநோக்கி வந்து இறங்கியிருந்தது. அன்றைக்கு உலகிலேயே பெரிய லென்ஸ் அது. 1886 பிப்ரவரியில் ஓட்டோ ஸ்ட்ரூவ அதன் வழியே மாயாவைப் பார்த்தார். நெபுலா இருந்தது. எங்கே தேட வேண்டும் என்று தட்டு சொன்ன பிறகே கண்ணுக்கு அது அகப்பட்டது.

காரணம் எளிது. நம் கண் ஒவ்வொரு நொடியும் புதிதாகப் பார்க்கிறது. போன நொடியின் ஒளியை அது சேமிப்பதில்லை. தட்டோ சிறுகச் சிறுகச் சேர்த்துவைக்கிறது. மாயாவைச் சூழ்ந்திருப்பது விண்மீனின் நீல ஒளியைத் திருப்பி அனுப்பும் தூசு. அக்காலத் தட்டுகள் நீலத்துக்கே கூர்மையாக வினைபுரிந்தன.

இன்று மங்கலான நெபுலாக்களைத் தேடுபவர்கள் பல இரவுகளின் ஒளியைக் கணினியில் அடுக்குகிறார்கள். பொறுமையாகச் சேர், மறுபடி எடுத்துச் சரிபார் என்ற ஆன்ரி சகோதரர்களின் வழியில்தான் அவர்களும் நடக்கிறார்கள்.

ஒளிரும் முகிலைத் தட்டு பிடித்துவிட்டது. ஒளியே இல்லாத முகிலை? 1888-இல் ஹார்வர்டில் எடுத்த ஒரு தட்டில், ஓரியனின் இடுப்புப் பட்டைக்குக் கீழே யாரோ கடித்தெடுத்தது போல ஒரு கரும்பள்ளம். அதைக் கவனித்தவர், முன்பு ஒரு வீட்டில் பணிப்பெண்ணாக இருந்த வில்லியமினா ஃபிளெமிங். ஆனால் 1895-இல் அச்சான நெபுலாப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அந்தப் பெயர் எங்கே போனது?

அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)