கூட்டலா, பெருக்கலா?

நிகழ்தகவுக் கணிதத்தில் ‘ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள்’, ‘சார்பிலா நிகழ்ச்சிகள்’ ஆகிய இரண்டையும் ஒன்றெனக் கொள்வோர் பலர். பகடையை ஒருமுறை உருட்டினால் இரண்டும் ஐந்தும் ஒருசேர விழா. ஒன்று விழுந்ததென அறிந்ததுமே மற்றது இல்லையெனத் தெளிகிறோம். அவை ஒன்றையொன்று விலக்குவன; ஆகவே சார்புடையன. இருமுறை உருட்டினாலோ, முதல் வீழ்ச்சி அடுத்ததைப் பற்றி எதுவும் உணர்த்துவதில்லை. இரண்டு அல்லது ஐந்து விழும் தகவைக் கூட்டி 1/3 என்கிறோம். முதலில் இரண்டும் அடுத்து ஐந்தும் விழும் தகவைப் பெருக்கி 1/36 என்கிறோம்.

பிரான்சில் பிறந்து, சமய ஒடுக்குமுறைக்குப்பின் இலண்டனில் அடைக்கலம் புகுந்த ஆபிரகாம் தெ முவாவர், 1718இல் வெளியிட்ட நூலில் இப்பெருக்கல் விதியைச் சார்பின்மை என்னும் நிபந்தனையோடு விளக்கினார்.

அந்நிபந்தனை மறக்கப்பட்டதன் விளைவை 1999இல் இங்கிலாந்து கண்டது. 1996இலும் 1998இலும் இரு பச்சிளங் குழந்தைகளை இழந்த தாய்மீது கொலைவழக்கு நடந்தது. அத்தகைய குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் புலப்படாமல் இறக்கும் வாய்ப்பு 8,543இல் ஒன்று எனக் கொண்ட மருத்துவ வல்லுநர், அதனை அதனாலேயே பெருக்கி, 7.3 கோடியில் ஒன்று எனச் சாட்சியம் அளித்தார். உடன்பிறந்தோர்க்கு மரபும் இல்லமும் பொது என்பது அக்கணக்கில் இடம்பெறவில்லை. தாய் ஆயுள்தண்டனை பெற்றார். 2001இல் அரச புள்ளியியல் கழகம் அக்கணக்கை மறுத்தது. அவர்தரப்புக்கு அளிக்கப்படாதிருந்த மருத்துவ ஆய்வு முடிவு வெளிப்பட, 2003இல் விடுதலையானார், 2007இல் மறைந்தார்.

பெருக்குமுன் சார்பின்மையை நிறுவுதல் மாணவர்க்கு மட்டுமன்றிச் சாட்சி கூறுவோர்க்கும் கடமை என்போம்.